டேப்லெட்டைக் காக்க வாங்கிய கவரே அதைக் கீறிவிட்டது: வாங்கும் முன் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்

புதிதாக டேப்லெட் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். எங்களைப் போலக் கடற்கரைப் பக்கமும், செம்மணல் மேடான தேரிப் பக்கமும் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே கவர், இதே பேச்சோடு, இன்னும் பல கடைகளில் தொங்குவதைப் பார்த்துவிட்டேன்.

நான் உடன்குடிப் பக்கம். வீட்டிலேயே ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, செய்கிறேன். கல்யாண பிளவுஸ்தான் அதிகம். முன்பு டிசைனை டிரேஸ் பேப்பரில் வரைந்து காட்டுவேன்; பெண்ணின் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் வேலை வீண். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி, போன வைகாசியில் 32,000 ரூபாய்க்குப் பேனாவோடு வரும் டேப் ஒன்று வாங்கினேன். கழுத்து, கை, முதுகு என்று வரைந்து வைத்துக்கொண்டு, வந்தவர்கள் கண் முன்னாலேயே நூலின் நிறத்தை மாற்றிக் காட்டலாம். என் தொழிலில் நான் வாங்கிய பெரிய பொருள் அதுதான்.

வாங்கிய அன்றே தூத்துக்குடியில் பேருந்து நிலையம் பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். வெறும் டேபை ஸ்கூட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர மனம் வரவில்லை. கடைத் தம்பி புத்தகம் மாதிரி மூடும் ஒரு கவரை எடுத்தார். விலை 950. "உள்ளே முழுக்க வெல்வெட்டுக்கா. ஒரு கீறல் விழாது. விழுந்தா எங்கிட்ட வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மெத்தென்றுதான் இருந்தது. அப்புறம் என் கையிலிருந்து டேபை வாங்கி, அவரே கவருக்குள் அழுத்தி மாட்டித் தந்துவிட்டார். பின்பக்க ஓட்டின் உள்ளே கை வைத்துப் பார்க்க எனக்கு வாய்ப்பே வரவில்லை. அங்கே வெல்வெட்டும் இல்லை, வேறு துணியும் இல்லை. வெறும் கெட்டிப் பிளாஸ்டிக். "முழுக்க வெல்வெட்" என்று சொன்னது மூடிக்கு மட்டும்.

பில் கேட்டேன். ஒரு துண்டுச்சீட்டில் 950 என்று எழுதித் தந்தார். அதில் கடைப் பெயர் இல்லை, வரி எண் இல்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் தெளிவாக இருந்தது. வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்று சரியான பில் கேட்டிருக்க வேண்டும்.

ஆடி வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேரியின் செம்மண் மாவு போல எழும்பி, ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்து படியும். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் வாரம் இரண்டு தடவை டேபோடு போய்வந்தேன். பாசிமணியும் ஜர்தோசிக் கம்பிச் சுருளும் தனி டப்பாவில், டேப் தனிப் பையில். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்து வைத்ததில்லை.

ஒரு நாள் ராத்திரி கொடி டிசைன் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது பேனாவின் முனை ஓரிடத்தில் கரகரத்தது. டேபை அணைத்துவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். திரையில் முடி கனத்தில் கோடுகள். மூடி எங்கெங்கே மடிகிறதோ அந்தந்த இடத்துக்கு நேராக மூன்று வரிசை. மூடியைப் பிடித்துவைக்கும் காந்தம் வந்து ஒட்டும் ஓரத்தில் மட்டும் கோடுகள் கொத்தாக, தாறுமாறாகக் கிடந்தன. கவரைக் கழற்ற நகம் உடையும் அளவுக்கு இழுக்க வேண்டியிருந்தது. கழற்றியதும் அழுகை வந்துவிட்டது. பின்பக்கம் நாலு மூலையிலும் சாம்பல் நிறம் போய் அலுமினியம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. ஓட்டின் உள்ளே விளிம்பு நெடுகச் செம்மண் கோடு கட்டியிருந்தது.

மூடியின் காந்தத்தைப் பார்த்தேன். கறுப்பாகப் பொடிப் பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினால் போகவில்லை. தொட்டதும் தெரிந்துவிட்டது, கருமணல். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கடற்கரை மணலில் உருட்டி, மீசை மாதிரி கறுப்பு மண் ஒட்டுவதை வேடிக்கை பார்த்திருக்கிறோமே, அதே மண்தான். நம் கடற்கரை மணலில் இரும்புச் சத்துள்ள கறுப்புத் துகள்கள் நிறைய உண்டு. டேபைப் பாதுகாப்பதாகச் சொன்ன கவர் அந்தத் துகள்களைப் பொறுக்கி எடுத்து, திரையின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு தடவை மூடும்போதும் தேய்த்திருக்கிறது.

மூடியில் இருந்ததும் வெல்வெட் இல்லை. துணியிலேயே புழங்குகிற நான் முதல் நாளே இதைக் கவனித்திருக்க வேண்டும். பிளவுஸுக்கு நாங்கள் வெட்டும் வெல்வெட் நெய்த துணி. அதன் மயிர் நெசவோடு சேர்ந்து நிற்கும். இதுவோ ரெக்சின் மேல் பசையைத் தடவி, அதன்மேல் பஞ்சுத்தூளை ஒட்டிய சமாச்சாரம். மடிப்பு விழும் இடங்களில் ஐந்து வாரத்தில் தூள் உதிர்ந்து, உள்ளே வைத்த அட்டையின் விளிம்பு மேலே துருத்தியிருந்தது. அந்த இடங்களில் மண்ணும் சிக்கி, அட்டை அதை அழுத்தினால் என்ன ஆகும்?

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். "மண்ணுல போட்டு எடுத்திருப்பீங்கக்கா" என்றார் அதே தம்பி. ஓட்டின் உள்ளே துணியே இல்லையே என்று காட்டினேன். "கவர் கிழிஞ்சிருக்கா? இல்லைல? கவருக்குத்தான் நாங்க பொறுப்பு, டேபுக்கு எப்படிக்கா பொறுப்பாக முடியும்?" என்றார். முதல் நாள் சொன்ன "நான் பாத்துக்கிறேன்" எங்கே போனது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதோடு விடாமல், 450 ரூபாய்க்குத் திரைமேல் ஒட்டும் ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். "இதை ஒட்டிக்கோங்க. 9எச். வைரம் மாதிரி" என்று சொல்லி, கத்தியால் அதன்மேல் கீறிக் காட்டினார். கோடு விழவில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் பர்சைத் திறக்கப் போனேன். டேபைப் பார்த்த மனவலியில் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

அது நல்லதாகப் போயிற்று. அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "அத்தை, அந்த 9எச் பென்சில் கணக்கு" என்றான். பென்சிலில் எச்பி, 2எச் என்று போட்டிருக்குமே, அந்த வரிசைதான். 9எச் பென்சிலால் தேய்த்தாலும் கீறாது என்பதுதான் அதற்கு அர்த்தம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு; எண் கூடிய பொருள் எண் குறைந்ததைக் கீறும். அதில் வைரம் 10, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கண்ணாடி ஐந்தரை, ஆறு பக்கம் நிற்கும். கத்தி இரும்பு கிட்டத்தட்ட ஐந்தரை. சாதாரணக் கத்தி வீட்டு ஜன்னல் கண்ணாடியையே லேசில் கீறாது என்னும்போது, கடையில் காட்டியது எதற்கும் சாட்சி ஆகாது. கத்திக்கு அசையாத அதே கண்ணாடியில் ஒரு சிட்டிகை கடல் மணலைப் போட்டுத் தேய்த்தால் கோடு விழும். கண்ணாடி ஒட்டுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கீறல் திரையில் விழாமல் அதன்மேல் விழும், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதற்காக ஒட்டலாம், வைரம் என்று நம்பி ஒட்டாதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் திரை மாற்ற 14,500 கேட்டார்கள். கீறலுக்கு வாரண்டி கிடையாது. பின்பக்க நிறம் பெயின்ட் இல்லையாம். அனோடைசிங் என்ற முறையில் அலுமினியத்தின் மேல் உண்டாக்கிய மெல்லிய படலம். அது தேய்ந்தால் தொட்டுப் பூசிச் சரிசெய்ய முடியாதாம்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். அந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து யாரும் பயந்து திரும்ப வேண்டாம். ஆனால் நான் போனது 37ஆவது நாள். பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தேன், அதில் வரும் பெயரோ யாரோ ஒரு தனி ஆளுடையது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் இல்லை. புகாரை எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எப்படிக் கொடுப்பது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் வாங்கும்போது டேபைக் கடைக்காரர் கையில் கொடுத்து மாட்டச் சொல்லாதீர்கள். முதலில் காலிக் கவரை வாங்கி, பின் ஓட்டின் உள்ளே நாலு மூலையிலும் விரலை விட்டுத் தடவுங்கள். பிளாஸ்டிக் வார்ப்பின் பிசிறு நகத்தில் தட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூடியின் துணியை நகத்தால் நாலு தடவை சுரண்டுங்கள், தூள் உதிர்ந்தால் அது ஒட்டுப் பஞ்சு. கடைப் பெயர் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாட்டியபின் முதல் வாரமே ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். 30 நாள் கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

மண் படிந்த திரையை முந்தானையால் துடைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது மண்ணை வைத்துத் தேய்ப்பதுதான். முதலில் கவிழ்த்துப் பிடித்து ஊதிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அப்புறம் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். காந்தத்தில் ஒட்டிய கருமண்ணை செல்லோடேப்பால் ஒற்றி எடுத்தால் வந்துவிடும்.

நான் இப்போது காந்தம் இல்லாத மெத்தென்ற சிலிகான் உறை போட்டிருக்கிறேன், வாரம் ஒரு நாள் கழற்றித் துடைக்கிறேன். வெளியே எடுத்துப் போக, ஃபிளானல் லைனிங் வைத்து நானே ஒரு பை தைத்துக்கொண்டேன். பழைய கவரைத் தூக்கிப் போடவில்லை. செம்மண்ணும் கருமண்ணும் ஒட்டியபடியே பிளாஸ்டிக் பையில் கட்டி, துண்டுச்சீட்டோடு பீரோவில் வைத்திருக்கிறேன். டேப் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் அதை எடுத்துப் பிரித்து, உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.