இதயத் துடிப்பு மாறுபாட்டை அளக்கும் மார்புப் பட்டை: பிரஷர் உள்ள ஒருவரின் நீண்டகால அனுபவம்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவரும் நான், மார்பில் கட்டும் துடிப்பு உணரிப் பட்டையையும் அதனுடன் இணையும் கைபேசிச் செயலியையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் சுற்றி அளக்கும் பிரஷர் கருவி வீட்டில் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். மார்புப் பட்டை அதற்கு மாற்று ஆகாது.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் விநாடிக்கு ஒன்றாகச் சீராகத் துடிக்கிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 950 மில்லி விநாடி, 1,030, 980 என்று மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். தணிப்பது வேகஸ் நரம்பு, முடுக்குவது பரிவு நரம்புகள். உயர் ரத்த அழுத்தத்தில் பெரும்பாலும் பரிவு நரம்புகளின் கை ஓங்குகிறது, வேகஸின் பிடி தளர்கிறது. அதனால் இந்த ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வுக் குழு 1998இல் வெளியிட்ட முடிவுகளிலும் இது தெரிந்தது. ரத்த அழுத்தம் உள்ள ஆண், பெண் இருபாலரிடமும் மாறுபாடு குறைந்திருந்தது. அழுத்தம் இயல்பாக இருந்த ஆண்களிலும், மாறுபாடு குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நான் பட்டையை வாங்கியது இதனால்தான்.

காலையில் காபிக்கு முன்னால், பட்டையின் உட்புறமுள்ள மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்து, மார்புக்குச் சற்றுக் கீழே இறுக்கிக் கட்டி, நாற்காலியில் சாய்ந்து 5 நிமிடம் உட்கார்கிறேன். நனைக்காமல் கட்டினால் பதிவு விட்டுவிட்டு வரும். திரையில் கோடு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதைப் பார்ப்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விட்டால் அலைகள் பெரிதாகிவிடும். ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்பு வளையத்துக்கும் ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை என்ற தாளம் இருப்பதே காரணம். ஆகவே ஒருநாள் இயல்பாகவும் மறுநாள் மெதுவாகவும் மூச்சு விட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. அளக்கும்போது எப்போதும் ஒரே விதமாக மூச்சு விட வேண்டும்.

கைக்கடிகாரத்திலும் முயன்றேன். அது தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை ஒளியால் பார்த்து நாடியைக் கணிக்கிறது. தூக்கத்தில் ஓரளவு சரியாக இருக்கும். கையை அசைத்தால் கணக்கு குலையும். எந்தக் கருவியானாலும், இடையில் ஒரு துடிப்பு முந்தி விழுந்து அதைச் செயலி நீக்காமல் விட்டால், மாறுபாட்டின் அளவாக அது காட்டும் எண் தாறுமாறாக எகிறும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு எண் மிக உயர்ந்து தெரியலாம். அது ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல.

செயலியில் எனக்குப் பிடிக்காதது, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுச் சிவப்பு, பச்சை காட்டுவது. பிரஷர்காரருக்குக் காலையிலேயே சிவப்பைக் காட்டிப் பதற்றம் ஏற்றுவது எந்த விதத்தில் நியாயம்? மாறுபாடு வயதோடு குறைவது இயல்பு. ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவது வீண். என்னுடைய சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால்தான் பயன். தூக்கம் கெட்ட இரவுகளும் காய்ச்சல் வந்த வாரமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

டாக்டர் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சேர்த்ததும் என் எண் உயர்ந்தது. அந்த வகை மாத்திரை பரிவு நரம்பின் முடுக்கத்தைத் தடுக்கிறது என்பதால் இது எதிர்பார்த்ததுதான். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கக் கூடாது என்று குறிப்பேட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். டாக்டர் இன்றுவரை பிரஷர் அளவுகளைப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிக்கிறார். நானும் அதையே விரும்புகிறேன். எண் உயர்ந்துவிட்டது என்று மாத்திரையைத் தானாகக் குறைப்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பராமரிப்பு எளிது. பயன்படுத்தியதும் உணரியைக் கழற்றிவைத்தால் பேட்டரி வீணாகாது. பட்டையை அலசி உலர்த்த வேண்டும். நாளடைவில் துணி தளர்ந்துவிடும், அப்போது பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

எழுந்தவுடன் தலைசுற்றுகிறது என்பவர்கள், குறிப்பாக நீரிழிவும் சேர்ந்து உள்ளவர்களும் முதியவர்களும், வேறொரு சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். 5 நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு எழுந்து நின்று, முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவோ தானியங்கி நரம்புகளின் தளர்ச்சியோ காரணமாக இருக்கலாம். இதற்கு மார்புப் பட்டை தேவையில்லை. வீட்டிலிருக்கும் பிரஷர் கருவியே போதும்.