காலையில மொத இடம், மத்தியானம் கடைசி இடம்: தஞ்சாவூர் நாய் ஷோ பத்தி

பொங்கல் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல நடந்த நாய் ஷோவுக்கு மன்னார்குடியிலேருந்து எங்க மருதுவ ஆம்னி வேன்ல ஏத்திக்கிட்டு நானும் என் மச்சானும் போனோம். வடுவூர் ஏரி தாண்டும்போது இன்னும் சரியா விடியல, ஒரே பனி. மருது மூணு வயசு ராஜபாளையம், ஆண், ஒன்றரை மாசக் குட்டியிலேருந்து எங்க வீட்டுலதான் வளந்தான்.

ஏற்பாட்டுல பெருசா கொற சொல்ல முடியாது. பந்தல், தண்ணித்தொட்டி, டாக்டர் எல்லாம் இருந்துச்சு, பார்க்கிங் தாராளம். மதியம் சாப்பாடுதான் சுமார்.

விஷயம் ஜட்ஜிங். ஒரே நாள்ல ரெண்டு ஷோ, காலையில ஒரு ஜட்ஜ், மத்தியானம் வேற ஜட்ஜ், ஆனா அதே நாய்ங்கதான். எங்க கிளாஸ்ல, அதாவது போட்டிப் பிரிவுல, மொத்தமே நாலு ராஜபாளையம். காலையில வந்தவர் பொறுமையா பாத்தாரு, வாயத் தொறந்து பல்லு சேர்க்கை பாத்தாரு, முதுகு, நெஞ்சு, தொடைன்னு கைய வச்சு தடவிப் பாத்து, ரிங்க, அதான் போட்டி நடக்குற வளையத்த, சுத்தி ரெண்டு தடவ ஓட வச்சிட்டு, "மூக்கு நல்ல ரோஸ், எலும்பும் நல்லாருக்கு, இதான் ராஜபாளையம்"னு சொல்லி எக்ஸலென்ட் கிரேடு போட்டு மொத இடம் குடுத்தாரு. சந்தோஷத்துல மச்சான் வீட்டுக்கெல்லாம் போன் போட்டு சொல்லிட்டான்.

மத்தியானம் அதே மருது, அதே கயிறு, புடிச்சி ஓடுனதும் அதே நான்தான். கடைசி இடம். காலையில மூணாவது வந்த நாய் இப்ப மொதல்ல நிக்குது. முடிஞ்சதும் ஓரமா போயி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, எதுல கொறைஞ்சுதுன்னு சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவேன்"னு கேட்டேன். மூக்குல பிக்மென்ட் (நெறமி) இல்ல, உடம்பு கனம் ஜாஸ்தின்னு சொல்லிட்டு அடுத்த கிளாசுக்கு போயிட்டாரு.

எனக்கு அங்கயே தொண்ட அடைச்சிருச்சு. ராஜபாளையத்துக்கு மூக்கு ரோஸாதாங்க இருக்கணும். வெள்ள ஒடம்பு, ரோஸ் மூக்கு, தங்கக் கலர் கண்ணு, அந்த நாயோட அடையாளமே அதுதான். 2005ல தபால் துறை நம்ம நாட்டு நாய்ங்க நாலுக்கு ஸ்டாம்பு போட்டப்ப அதுல ஒண்ணு ராஜபாளையம், நாடே தெரிஞ்சு வச்சிருக்குற நாய் இது. அதோட மூக்கு ரோஸா இருக்குறத கொறைன்னு ஒரு ஜட்ஜ் சொன்னா, அப்ப ஒரு இனம் இப்படித்தான் இருக்கணும்னு ஸ்டாண்டர்ட்னு எழுதி வச்சிருக்கறது எதுக்கு?

கனம்னு சொன்னதும் அப்படித்தான். மத்தியானம் மொதல்ல வந்த நாய் இடுப்பு ஒட்டி, நெஞ்சு ஒடுங்கி, கால் குச்சி மாதிரி, பாக்கறதுக்கு சிப்பிப்பாறை. அழகான நாய்தான், இல்லன்னு சொல்லல. ஆனா சிப்பிப்பாறை மொயல தொரத்துற ஓட்டக்கார நாய், ராஜபாளையம் பன்னி வேட்டைக்கும் காவலுக்கும் வளத்தது, அதுக்கு எலும்பும் நெஞ்சும் வேணும். ரெண்டையும் ஒரே அச்சுல தேடுனா நாளைக்கு என்ன ஆகும்? ஷோவுல ஜெயிச்ச நாய்கிட்டதான் எல்லாரும் இணை சேக்க போவாங்க, குட்டிய அதுலேருந்துதான் வாங்குவாங்க. நாலஞ்சு தலமுறைல ஒரு இனம் இன்னொண்ணா மாறிடும், நாய்க்கு அது ரொம்ப வருஷம் கூட இல்ல. நான் தோத்தத விட இதுதான் என்ன உறுத்துது.

அந்த ஜட்ஜ் சொன்னதுல ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். நெறமி கொறைஞ்ச வெள்ள நாய்ங்களுக்கு பொறவிச்செவிடு வர வாய்ப்பு அதிகம். மருது கூட பொறந்ததுலயே ஒரு பொட்டைக்குட்டிக்கு காது கேக்காது, சாப்பாட்டுத்தட்ட தட்டுனாலும் திரும்பாது, அத பாத்தவன் நான். அதனால பிக்மென்ட் வேணும்னு யாராவது மனசார நெனச்சா எதுக்க மாட்டேன். ஆனா அத ஸ்டாண்டர்ட்ல எழுதி மாத்துங்க, எல்லாருக்கும் சொல்லுங்க. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல மாத்தாதீங்க. காது மேல அவ்ளோ அக்கற இருந்தா நாய்க்கு பின்னாடி நின்னு ஒரு தடவ கையாவது தட்டிப் பாத்துருக்கலாம், ரெண்டு பேருமே பாக்கல.

பக்கத்து ரிங்ல லேப்ரடார். அதுக்கு ஒசரம் ஆண் 56லேருந்து 57 செமீ, பொட்டை 54லேருந்து 56ன்னு ஸ்டாண்டர்ட் இருக்கு. அன்னைக்கு ஜெயிச்ச ஆண் என் கண்ணுக்கு 60ஐ தாண்டும். அளவுகோல் எடுத்து ஒருத்தரும் அளக்கல. தெரியாத்தனமா விட்ருக்கலாம், ஆனா அளக்கறதுக்கு அர நிமிஷம் போதும்.

எங்க அப்பா உம்பளாச்சேரி மாடு புடிக்க போவாரு. நெத்தியில வெள்ளச்சுட்டி, நாலு காலுலயும் வெள்ள, வாலு, அப்பறம் கன்னுல செவப்பா இருந்தது வளர வளர சாம்பலா மாறிருக்கா, இப்படி ஒண்ணொண்ணா பாப்பாரு. வேண்டாம்னு சொன்னாலும் மாட்டுக்காரர்கிட்ட எதனாலன்னு சொல்லிட்டுதான் வருவாரு, அவரும் மொகம் சுளிக்காம கேட்டுக்குவாரு. அந்த மரியாத ரிங்லயும் வேணும்ல.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு நாய்க்கும் ஜட்ஜ் எதுக்கு இந்த எடம் குடுத்தேன்னு நாலு வரி எழுதி கைல குடுக்கணும். சுவீடன், பின்லாந்து பக்கமெல்லாம் ஷோவுல அப்படித்தான் எழுதியே குடுக்கறாங்க. எழுதணும்னு வந்துட்டா 'ராஜபாளையத்துக்கு ரோஸ் மூக்கு கொறை'ன்னு எந்த ஜட்ஜும் கையெழுத்து போட யோசிப்பாரு. ஷோ நடத்தறவங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன், ஜட்ஜ் முடிவுதான் கடைசின்னு சொன்னாங்க. முடிவ மாத்த சொல்லலைங்க, காரணத்ததான் கேட்டேன்.

மொத தடவ போறவங்க ஆறரைக்கே போயிடுங்க, பந்தல்ல நெழல் எடம் கெடைக்கும். நாய்க்கு வீட்டுத்தண்ணியே எடுத்துட்டு போங்க, எடம் மாறுனா சிலது குடிக்காது. கிளாஸ் முடிஞ்ச கையோட ஜட்ஜ்கிட்ட காரணம் கேளுங்க, கூச்சப்படாதீங்க, பணம் கட்டிதான நிக்கறோம்.

ஏற்பாட்டுக்கு நாலு ஸ்டார், ஜட்ஜிங்குக்கு ரெண்டு, அந்த ரெண்டும் காலையில வந்தவருக்காக. அடுத்த வருஷம் எழுதித் தருவீங்களான்னு கேட்டுட்டுதான் மருதுவுக்கு என்ட்ரி கட்டுவேன்.