வெளிநாட்டுல இருக்கிற புருஷன்கிட்ட டைவர்ஸ் வாங்கித் தரோம்னு 1,35,000 ரூபா அடிச்சுட்டாங்க, உஷாரா இருங்க

கோவத்துல டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. கம்பெனி பேர் போடல, போட்டா என் மேலயே கேஸ் போடுவாங்களாம். ஆன்லைன்ல லீகல் சர்வீஸ்னு விளம்பரம் வருமே, 'என்.ஆர்.ஐ. டைவர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், கோர்ட்டுக்கே வர வேணாம்'னு, அந்த ரகம்.

வீட்டுக்காரர் நியூஜெர்சியில, நான் திருச்சியில அம்மா வீட்டுல. போனும் எடுக்கிறதில்ல பணமும் அனுப்புறதில்ல, விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. வீடியோ கால்ல ஒரு பொண்ணு வந்துச்சு, கறுப்பு கோட்டு, கழுத்துல வெள்ளை பேண்டு, பின்னாடி அலமாரி நிறைய புக்கு. "அக்கா, அவர் எந்த நாட்டுல இருந்தா என்ன, பொண்டாட்டி எங்க குடியிருக்காளோ அந்த ஊர் கோர்ட்லயே போடலாம், 2003லயே சட்டத்தை மாத்திட்டாங்க, ரெண்டு வருஷம் விட்டுட்டுப் போனாலே அது ஒரு காரணம்தான்"னு அவ்ளோ பொறுமையா சொல்லுச்சு. அதெல்லாம் நிஜம்ங்க, அதான் கொடுமையே. நான் அழுதப்ப பேசாம இருந்துட்டு "தண்ணி குடிச்சுட்டு வாங்கக்கா, வெயிட் பண்றேன்"னுச்சு. பக்கத்துல இருந்த அம்மா அன்னைக்கு சாயங்காலமே செயினை அடகு வெச்சுட்டாங்க.

முதல்ல ஃபைலிங்குக்கு 45,000. ஹெச்.எம்.ஓ.பி. (அதாவது இந்து திருமண சட்டப்படி போடுற மனு) நம்பர் விழுந்துருச்சுன்னு சீல் வெச்ச பேப்பர் ஒன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்புறம் அமெரிக்காவுக்கு சம்மன் அனுப்ப 'எம்பஸி கிளியரன்ஸ்'னு 60,000. அவர் வரலைன்னா நாலு மாசத்துல எக்ஸ்பார்ட்டி ஆர்டர் (அவர் இல்லாமலே குடுக்கிற தீர்ப்பு), அதுக்கு 'அட்வான்ஸ் கோர்ட் டெபாசிட்' 30,000. மொத்தம் 1,35,000, எல்லாமே யாரோ தனி ஆளோட யுபிஐ நம்பருக்கு.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. மே மாசம் கேட்டா கோர்ட் லீவு, ஜூன்ல கேட்டா வக்கீலுங்க பாய்காட், அப்புறம் எம்பஸில பெண்டிங், அதுக்கப்புறம் "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் மேம்". அந்த பொண்ணு ரிசைன் பண்ணிடுச்சாம். பணத்தைக் கேட்டா "ரீஃபண்ட் பாலிசி படிச்சுப் பாருங்க மேம்"னு ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றான், 1,35,000 ரூபாடா அது!

கடைசியில நாத்தனார்தான் போன் பண்ணி "அண்ணனுக்கு எந்த நோட்டீஸும் வரலையே"ன்னு சிரிச்சாங்க. தெரிஞ்ச வக்கீல் அண்ணன் ஒருத்தர்கிட்ட பேப்பரைக் காட்டினேன், பார்த்த உடனே போலின்னுட்டார். சி.என்.ஆர். நம்பர்னா, அதான் ஒவ்வொரு கேஸுக்கும் கோர்ட்ல விழுற தனி நம்பர், 16 எழுத்தும் எண்ணுமா இருக்கணுமாம், இதுல 12தான் இருக்கு. அமெரிக்காவுக்கு சம்மன் போறது ஹேக் ஒப்பந்தப்படி (நாடு விட்டு நாடு கோர்ட் பேப்பர் அனுப்புறதுக்கான ஒப்பந்தம்), அங்க கொண்டு போய் குடுக்க வாங்குறதே 95 டாலர்தானாம், எம்பஸி கிளியரன்ஸ்னு ஒரு ஃபீஸே கிடையாதாம். நிஜமா சம்மன் போய் வரவே பல மாசம் ஆகும், நாலு மாசத்துல ஆர்டர்னு எவனாலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னார். ஸ்டேஷனுக்குப் போனா "இது சிவில் மேட்டர்மா"ங்கிறாங்க.

என்னென்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. சுருக்கமா சொல்றேன். கேஸ் போட்டாச்சுன்னா சி.என்.ஆர். நம்பர் வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்ல நீங்களே போட்டுப் பாருங்க. வக்கீலோட என்ரோல்மென்ட் நம்பர் கேட்டு பார் கவுன்சில்ல விசாரிங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு கூப்பிடுங்க, இல்ல ஜில்லா கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆபீஸ் இருக்கு (இதை எவனும் விளம்பரம் பண்ண மாட்டான்). பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, லேட் பண்ணாதீங்க.

வேற பேர், வேற லோகோ, ஆனா அதே பொண்ணு, அதே புக்கு அலமாரியோட நேத்து விளம்பரம் ஓடுது. கீழ யாரும் நம்பர் போட்டு வெச்சுடாதீங்க, ரெண்டே நிமிஷத்துல கால் வந்துடும்.