எலுமிச்சை, ஆரஞ்சு அழுகலுக்கு நறுமண எண்ணெய்: தைம், கிராம்பு, லெமன்கிராஸ், ஆரஞ்சுத்தோல் ஒரு மதிப்பீடு

பூசணக்கொல்லிக்கு மாற்று என்று விற்கப்படும் நறுமண எண்ணெய்களை வாங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: மரத்தில் தெளிக்கவா, பறித்த பழத்துக்கா? மரத்துக்கு என்றால் காசு வீண். இலையில் பட்ட எண்ணெய் வெயிலிலும் காற்றிலும் விரைவாக ஆவியாகிப் போகும். அடுத்த மழைக்கு வரும் பூசண வித்துகளை (நோயைப் பரப்பும் நுண்துகள்களை) தடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது. சொறி, கரும்புள்ளி போன்ற நோய்களுக்குத் தாமிர மருந்து பயன்படக் காரணமே அது இலையில் தங்குவதுதான். எண்ணெயின் அளவைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் கொழுந்து கருகும். எனவே இங்கே பேசுவது அறுவடைக்குப் பிந்தைய பயன்பாட்டை மட்டும்.

கிடங்கில் பழத்தை அழிக்கும் பச்சைப் பூசணமும் நீலப் பூசணமும் பெனிசிலியம் இனங்கள். இரண்டின் வித்தும் தோலில் கீறல் இருந்தால்தான் நுழையும். வித்து முளைத்துச் சதைக்குள் இறங்கிய பிறகு எண்ணெய் எட்டாது. பறித்த 24 மணி நேரத்துக்குள் பழத்தை எண்ணெய்க் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அதைத் தாண்டிய சரக்குக்கு எந்த எண்ணெயையும் பரிந்துரைக்க மாட்டோம்.

தைம் என்ற மூலிகையின் எண்ணெய்க்கே முதலிடம். ஆனால் எல்லா தைம் எண்ணெயும் ஒன்றல்ல. பூசணத்தின் செல் சவ்வை உடைப்பது தைமால் என்ற ஃபீனால் வகை வேதிப்பொருள். தைமாலுக்குப் பதில் லினலூல் என்ற வாசனைப் பொருள் மிகுந்த தைம் வகையும் சந்தையில் உண்டு. வாசனைக்கு அருமை, பூசணத்துக்கு மந்தம். பகுப்பாய்வுச் சான்றிதழ் கேளுங்கள்: தைமால் 40 சதவீதத்தை ஒட்டியாவது இருக்கட்டும். சான்றிதழ் தராத விற்பனையாளரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கிராம்பு எண்ணெயில் யூஜெனால் என்ற வேதிப்பொருள் முக்கால் பங்குக்கு மேல். வேலை செய்கிறது; ஆனால் ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பு வாடை நிற்கிறது, வாங்குபவர் முகம் சுளிப்பார். கலப்படம் கண்டுபிடிக்க எளிது: நல்ல கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, சொட்டு விட்டால் மூழ்கும். மிதந்தால் சமையல் எண்ணெயோ வேறொன்றோ சேர்ந்திருக்கிறது. இதே குணம் தொட்டியில் வினையாகும். சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தேங்கி, அடியில் கிடக்கும் பழங்கள் வெந்துபோகும். தைம், லெமன்கிராஸ் எண்ணெய்கள் மேலே மிதக்கும். அங்கே மேலிருக்கும் பழத்துக்குக் கேடு.

லெமன்கிராஸின் பலம் சிட்ரால் என்ற வாசனைப் பொருள். எலுமிச்சைக்கு இதன் வாடை உறுத்தாது என்பது கூடுதல் வசதி. புளிப்பழுகலை உண்டாக்கும் ஜியோட்ரைக்கம் பூசணத்துக்கு, கிடங்குகளில் பயன்படும் பூசணக்கொல்லிகளான இமசாலில், தையாபெண்டசோல் இரண்டும் பயன்படாது. அங்கே சிட்ரால் எண்ணெயைச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. குறை, திறந்த சீசாவில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஆரஞ்சுத்தோல் எண்ணெயைப் பச்சைப் பூசணத்துக்கு என்று யாராவது விற்றால் வேண்டாம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற வாசனைப் பொருள். பச்சைப் பூசணம் காலங்காலமாக இந்தத் தோலிலேயே வாழப் பழகியது. காயத்திலிருந்து வரும் லிமோனீன் வாடை அதன் வித்து முளைக்கத் தூண்டுகோலாகவே அமைகிறது.

தயார்நிலைக் கரைசல் வாங்குவதா, தனி எண்ணெய் வாங்கிக் கலப்பதா? தயார்நிலையே மேல், பால்மம் (எண்ணெய் நீரில் நுண்துளிகளாகக் கலந்த நிலை) உடையாமல் நின்றால். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லி விட்டுக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். மேலே வளையமோ அடியில் துளிகளோ தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். சொந்தமாகக் கலப்பவர்கள் 10 லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய், 20 மில்லி பாலிசார்பேட் 80 என்ற பால்மமாக்கி எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் முதலில் இரண்டையும் கலக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பான நீர் விட்டுப் பால்போல் வந்தபின் மீதி நீரில் ஊற்றவும். எண்ணெயை நேராகத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பின்னால் பால்மமாக்கியைச் சேர்ப்பது எடுபடாது.

அளவு லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி. பழத்தை இரண்டு நிமிடம் முக்கி, கரைசலை அவ்வப்போது கிளறி, எடுத்ததும் காற்றோட்டத்தில் உலர்த்தவும். லிட்டருக்கு 5 மில்லியை நெருங்கினால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி விழலாம். இது பூசணம் அல்ல, தோல் வெந்தது. சில நாள் கழித்தே கண்ணுக்குத் தெரியும் என்பதால் முழுச் சரக்கையும் போடுமுன் பத்துப் பழத்தில் பாருங்கள். காலைப் பனியில் பறித்த, தோல் விறைத்த பழத்துக்கு இந்த அபாயம் அதிகம்.

குளோரின் நீரில் எண்ணெயைக் கலக்கவே கூடாது. தைமாலும் யூஜெனாலும் குளோரினோடு வினைபுரிந்து இரண்டின் திறனும் போகும், மருந்து நாற்றம் மிஞ்சும். குளோரினில் கழுவியபின் நல்ல நீரில் அலசிவிட்டு எண்ணெய்க்கு வாருங்கள். 3 சதவீத சமையல் சோடாக் கரைசலில் முன்கூட்டி முக்குவது நல்ல துணை. சலவைச் சோடாவோடு சேர்க்க வேண்டாம்: அதன் காரத்தன்மை pH 11ஐத் தாண்டும், அங்கே தைமால் உப்பாக மாறி, செல் சவ்வுக்குள் நுழையும் திறனை இழக்கும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஆணியால் குத்திய பழங்களில் அழுகிய பழத்தின் வித்தைத் தொட்டு வைத்து, பாதியை எண்ணெயிலும் பாதியை வெறும் நீரிலும் முக்குங்கள். 20 முதல் 25 டிகிரியில் ஒரு வாரம். நீரில் முக்கியவை அழுகாவிட்டால் சோதனையே செல்லாது. எண்ணெயை மெச்சிக்கொள்ள வேண்டாம்.

இமசாலிலோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இமசாலில் அழுகிய பழத்திலும் வித்து உண்டாவதை அடக்கும். எண்ணெய் அப்படித் தங்காது. ஒரு பழம் அழுகினால் பச்சைத் தூள் பெட்டி முழுக்கப் படியும். மெழுகுப் பூச்சில் கலந்தால் ஆவியாவது தாமதமாகும், அப்போதும் இந்தக் குறை முழுதும் தீராது. குளிர்க் கிடங்கிலும் வளரும் நீலப் பூசணமோ தொட்ட பழத்துக்கெல்லாம் பரவும். நீண்ட நாள் சேமிப்புக்கும் கப்பல் பயணத்துக்கும் எண்ணெயை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டொரு வாரத்தில் விற்றுத்தீரும் சரக்குக்கு, அதுவும் இமசாலிலுக்குப் பூசணம் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்ட கிடங்குகளுக்கு, தைம் கரைசல் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நீர் கலக்காத எண்ணெயைத் தொடாதீர்கள், தோல் எரியும். சேமிக்கக் கருநிறக் கண்ணாடி நல்லது, ரப்பர் மூடியும் பாலிஸ்டைரீன் டப்பாவும் இளகிப்போகும். குளிரில் தைம் எண்ணெயின் அடியில் படிகம் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், தைமால் உறைந்திருக்கிறது. வெந்நீரில் சீசாவை நிறுத்திக் கரைத்து, குலுக்கிவிட்டு அளந்தெடுங்கள்.