வரி வசூலிக்க வீட்டுக்கு வருபவரிடம் ரொக்கம் கொடுக்கிறீர்களா? ரசீது எண்ணைப் பாருங்கள்

அப்பாவுக்கு 78 வயது. வீட்டு வரியை ஒரு அரையாண்டுகூட பாக்கி வைத்தவர் இல்லை. போன மாதம் பெயர் மாற்றத்துக்காக அவரை எங்கள் ஊர் நகராட்சிக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்த ஊழியர், "அஞ்சு அரையாண்டு பாக்கி இருக்கே ஐயா, 7,300 ரூபாய்" என்றார். அப்பா முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஐந்து ரசீதையும் மேசையில் அடுக்கினார்.

ஐந்துமே கார்பன் வைத்து எழுதிய கை ரசீது. வழக்கமாக வரும் பில் கலெக்டர், "மெஷின் ரிப்பேர் ஐயா, அடுத்த தடவை பிரின்ட் தர்றேன்" என்று சொல்லி ஒவ்வொரு முறையும் 1,460 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். எதிர்வீட்டு அக்காவின் ரசீதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். ஒரே எண்ணில் எப்படி இரண்டு வீட்டுக்கு ரசீது இருக்க முடியும்?

மறுநாள் அலுவலகத்தில் கேட்டபோது இன்னொருவர் தனியே கூப்பிட்டு, "மூவாயிரம் கொடுங்க, சரி பண்ணிடலாம்" என்றார். வயிறு எரிந்தது. கொடுக்கவில்லை. நீங்களும் கொடுத்துவிடாதீர்கள். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்துவிட்டாலும் 7 நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட்டால் பாதுகாப்பு உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறையின் இலவச எண் 1064.

நான் ஆணையருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன், ரசீது நகல்களை இணைத்து. தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை கையில் வந்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன். வாயால் சொன்ன புகாருக்கு நாளைக்கு ஒரு சாட்சியும் இருக்காது. அப்புறம் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: அந்த எண்ணுள்ள ரசீதுப் புத்தகம் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, அதற்கான தொகை எப்போது நகராட்சிக் கணக்கில் ஏறியது? 30 நாளில் பதில் தர வேண்டும். உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கவென்றே முறைமன்ற நடுவரும் இருக்கிறார், 2014 சட்டப்படி. ஆணையர் அசையாவிட்டால் அடுத்து அங்கேதான் போவேன்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனித் தப்பு நடக்காது என்றும் நம்ப வேண்டாம். மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துக் கட்டடங்களின் சொத்து வரியைக் குறைத்துப் பதிந்ததாகப் புகார் எழுந்து, 2025ல் பில் கலெக்டர்கள் உட்படப் பலர் கைதானார்கள். அங்கே நஷ்டம் மாநகராட்சிக்கு, இங்கே வரி கட்டிய முதியவர்களுக்கு.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று ராத்திரியே அவர்களின் வரிவிதிப்பு எண்ணை வாங்கி நகராட்சி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கட்டிய தேதி, தொகை, நிலுவை எல்லாம் தெரியும். ரசீதில் இருப்பது அங்கே இல்லையென்றால் அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

எங்கள் தெருவில் இதுவரை நான்கு வீட்டில் இதே கை ரசீது கிடைத்திருக்கிறது. நான்கு பேரும் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.