உப்புக்காற்றில் மூன்று வருடம்: 59 ஆயிரம் ரூபாய்க்கு நான் சேர்த்த கேமிங் கம்ப்யூட்டர்

என் தம்பி குவைத்தில் இருக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அவனுக்குச் சாயங்காலம் ஏழு மணி ஆகும்போது இங்கே கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான மணவாளக்குறிச்சியில் ஒன்பதரை. அந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காகத்தான் 2022 டிசம்பரில் இந்த கம்ப்யூட்டரைச் சேர்த்தேன். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் கேம் திறப்பதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். இப்போது மூன்று வருடம் தாண்டிவிட்டது. எந்த பாகம் எதோடு சேரும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வாங்கின அன்றைக்கு எழுதியிருந்தால் பாதியைத் தப்பாக எழுதியிருப்பேன், அதனால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ரைசன் 5 5600 பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை) 13,000, பி450 சிப்செட் மதர்போர்டு (எல்லா பாகமும் உட்காரும் பலகை) 6,800, 8 ஜிபி ரேம் (தற்காலிக மெமரி) இரண்டு 4,200, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரைவது) 23,500, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கேமும் ஃபைலும் சேமிப்பது) 3,400, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 4,600, கேபினெட் (வெளிப்பெட்டி) 3,700. மொத்தம் 59,200 ரூபாய். 24 இன்ச் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் தனியாக 11,500. பாதிப் பணம் தம்பி அனுப்பியது. இந்த விலையை இன்றைக்கு எதிர்பார்க்காதீர்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் (மைனிங்) முறையே நின்றுபோய், கார்டு விலை இறங்கியிருந்த நேரம் அது.

கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் தேர்வைத் தொடங்கினேன். கேமிங்குக்கு அதுதான் சரி என்று இன்றும் சொல்வேன். அப்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு பல ஆயிரம் குறைவாகக் கிடைத்தது. கை அதன் பக்கமே போயிற்று. ஆனால் அந்த கார்டு மதர்போர்டோடு பேசுவது நான்கே லேனில், அதாவது தகவல் போய்வரும் நான்கே தடத்தில். இந்த இணைப்புக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர்; அதன் 4.0 பதிப்பு உள்ள போர்டில் அந்த நான்கு லேனில் வினாடிக்கு சுமார் 8 ஜிபி போகும். நான் வாங்க நினைத்த பி450 போர்டில் இருப்பது 3.0, அதில் பாதிதான், சுமார் 4 ஜிபி. கார்டில் மெமரியும் 4 ஜிபி மட்டுமே. அது நிரம்பினால் மீதியை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அந்த ஒடுக்கமான வழியாகத்தான் இழுக்க வேண்டும், கேம் திக்கித் திணறும். ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு லேன், 8 ஜிபி மெமரி. அதனால் 3.0 போர்டில் போட்டாலும் இழப்பு மிகக் குறைவு. மலிவான போர்டில் மலிவான கார்டைப் போட்டால் மிச்சம் என்று நினைக்கிறோம். இந்த ஜோடியில் நஷ்டம் இரண்டு மடங்கு. வாங்கும் முன் கார்டின் லேன் எண்ணிக்கையையும், போர்டு 3.0வா 4.0வா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பிராசஸரில் எனக்குக் குழப்பம் வரவில்லை. ஆறு கோர் (வேலையைப் பிரித்துச் செய்யும் ஆறு பகுதி), 65 வாட், சூட்டைத் தணிக்கும் கூலரும் பெட்டியிலேயே வரும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. பெயரின் கடைசியில் ஜி இருந்தால், அதாவது 5600ஜி என்றால், உண்டு. இன்டெல் கம்பெனி பிராசஸரில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் இல்லை. இப்படிப்பட்ட பிராசஸரைப் போட்டுவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகினால் ஒன்றும் வராது, கார்டில்தான் சொருக வேண்டும்.

எனக்கு கார்டில் சொருகியும் வரவில்லை. ராத்திரி பதினொரு மணி. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன். பிராசஸரின் கால் ஏதும் வளைந்துவிட்டதோ என்ற பயத்தில் அன்று தூங்கவே இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணன் மதர்போர்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பழைய ஸ்டாக்கு மக்கா. பிராசஸர் நல்லாத்தான் இருக்கும், நீ பயப்படாத" என்றார்.

விஷயம் இதுதான். பி450 போர்டுகள் சந்தைக்கு வந்தது 2018இல். ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். பிராசஸர் உட்காரும் சாக்கெட் இரண்டுக்கும் ஏஎம்4தான், அதனால் சரியாக உட்காரும். ஆனால் போர்டில் உள்ள பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பழையதாக இருந்தால், பின்னால் வந்த பிராசஸர் என்னவென்றே அதற்குத் தெரியாது. கடைக்கார அண்ணன் தன்னிடமிருந்த பழைய ரைசன் 3 2200ஜி ஒன்றைப் போட்டு கம்ப்யூட்டரை எழுப்பி, பென்டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றி, பிறகு என் பிராசஸரை மாட்டினார். திரை வந்தது. 300 ரூபாய் வாங்கினார். நான் ஐந்நூறு நீட்டினேன், மீதியைத் திருப்பித் தந்துவிட்டார். போர்டை எனக்கு விற்ற ஆன்லைன் விற்பனையாளர் இதைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் இருக்கும். பழைய சிப்செட் வாங்கினால் அந்தப் பட்டன் உள்ளதாகப் பார்த்து, ஐந்நூறு ரூபாய் கூட ஆனாலும் வாங்குங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். நான் மனதார நன்றி சொல்லும் பாகம் இது. 59 ஆயிரத்தில் 4,600 இதற்குப் போனபோது கூட வந்த நண்பன் தலையில் கைவைத்தான். இரண்டாயிரத்துக்குள் '500 வாட்' என்று எழுதின பெட்டி கிடைக்கும்தான். ஆனால் அந்த எண்ணை நம்ப முடியாது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்குக் கொடுக்கும் 80 பிளஸ் சான்றில் 'வெண்கல' (Bronze) தரம் உள்ளதாக எடுத்தேன். ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட், பிராசஸரோடு மற்றதையும் சேர்த்தால் விளையாடும்போது சுமார் 250 வாட் ஆகிறது. 550 தாராளம். அதில் எட்டு முனை கொண்ட கேபிள் இரண்டு வகை வரும். ஒன்று பிராசஸருக்கு, 4+4 ஆகப் பிரியும். மற்றது கார்டுக்கு, 6+2 ஆகப் பிரியும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிப் போடவே கூடாது, பலவந்தமாக அழுத்தவும் கூடாது.

கம்ப்யூட்டர் வந்து இரண்டாவது வாரம். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "மக்களே, இந்தப் பெட்டியத் தொட்டா சுள்ளுன்னு இருக்கு" என்றாள். எனக்குத் திக்கென்றது. செருப்பைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் தொட்டேன், உண்மைதான். எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, வீட்டு எர்த் கம்பி மண்ணுக்குள்ளேயே அரித்து அறுந்துகிடந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு கெபாசிட்டர்களை உலோகப் பெட்டியோடு இணைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்டில் ஏறக்குறைய பாதி பெட்டியின் மேலேயே நிற்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனாலும் கார்டுக்கும் யூஎஸ்பியில் செருகும் சாமானுக்கும் நல்லதில்லை, மனுஷனுக்கும் நல்லதில்லை. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி புதிதாக எடுத்தோம். அன்றோடு சுள்ளென்பது நின்றது. கடலோர ஊர்களில் எர்த் கம்பி சீக்கிரம் அரிக்கும். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

யூபிஎஸ்ஸிலும் பாடம் படித்தேன். வீட்டில் பழைய 600 விஏ ஒன்று இருந்தது. யூபிஎஸ்ஸின் மேல் போடும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) வேறு, வாட் வேறு. அந்த மாதிரி 600 விஏ யூபிஎஸ்ஸில் கிடைப்பது சுமார் 360 வாட்தான், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். எங்களுடையது வயதானது. கேம் ஓடும்போது கரண்ட் போனால் பட்டென்று எல்லாமே அணைந்துவிடும். தம்பி அங்கே "எங்கே போனே?" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். இரண்டு மாதம் பொறுத்துப்பார்த்துவிட்டு 600 வாட் கொடுக்கும் 1000 விஏ வாங்கினேன். விளையாட்டை முடித்து ஒழுங்காக அணைக்க அந்தச் சில நிமிடம் போதும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சித்திரை வைகாசியில் இடி வேறு. இடி கேட்டால் யூபிஎஸ்ஸை நம்பி உட்காராமல் பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுகிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது, கரண்ட் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பயம் கூடுதல்.

ரேம் பற்றிச் சுருக்கமாக. 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், நான்கு இடம் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். டிடிஆர்4 போர்டில் அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 ஏறாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. அப்புறம் 3200 என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை எழுதியிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யும் வரை அந்த வேகம் வராது. என்னுடையது முதல் மூன்று மாதம் 2400இல் ஓடியிருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2024இல் வேறு கம்பெனி ரேம் இரண்டு சேர்த்து 32 ஆக்கினேன். நான்கும் சேர்ந்து 3200இல் நிலைக்கவில்லை, கேம் நடுவில் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வந்தது. 2933க்கு இறக்கிய பிறகு தொல்லையில்லை.

பிராசஸரோடு வந்த கூலர் முதல் வருடம் போதுமாக இருந்தது. ஏப்ரல் புழுக்கத்தில் சத்தம் தாங்காமல் 1,800 ரூபாய்க்கு டவர் கூலர் (உயரமான கூலர்) வாங்கினேன். இதில் இரண்டு விஷயம். ஏஎம்4 போர்டில் சாக்கெட்டுக்கு இருபுறமும் இரண்டு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். கூட வந்த கூலரை மாட்ட அதைக் கழற்ற வேண்டும், ஆனால் கொக்கி போட்டு மாட்டும் டவர் கூலருக்கு அதே துண்டுதான் வேண்டும். நான் பத்திரமாக எடுத்துவைத்திருந்தேன், என் நண்பன் குப்பையில் போட்டுவிட்டு ஒரு வாரம் தேடினான். இரண்டாவது, பழைய கூலரை நேராக மேலே இழுத்தால் நடுவில் தடவியிருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, மெதுவாக இடவலமாகத் திருகி எடுங்கள். கேபினெட்டில் கூலரின் உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். என்னுடையதில் 160 மில்லிமீட்டர் வரை இடம், கூலர் 155.

உப்புக்காற்றின் வேலை இரண்டாவது மழைக்காலத்தில் தெரிந்தது. கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் செம்மண் நிறம். ஒரு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்து ஆன் செய்தால் மறுபடியும் கறுப்புத் திரை. இந்த முறை பதறவில்லை. ரேமைக் கழற்றித் தங்க முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டினேன், வந்துவிட்டது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் விளையாடாத நாளிலும் அரை மணி நேரம் ஓடவிடுகிறேன், உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை விரட்டும். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடும் பழக்கத்தையும் விட்டாயிற்று. ஜன்னலோரத்தில் இருந்த மேசையை உள்சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டோம்.

எஸ்எஸ்டி ஒன்றரை வருடத்தில் செத்துப்போனது. வாரண்டி ஐந்து வருடம் உண்டு, ஆனால் மாற்ற வேண்டுமானால் கூரியரில் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். போய்வர 24 நாள். அதனால் இப்போது எந்த பாகம் வாங்கினாலும், கெட்டால் எங்கே கொடுப்பது, நாகர்கோவிலிலா, திருவனந்தபுரத்திலா, சென்னையிலா என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்கிறேன். பில்லும் பெட்டியும் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

இன்றைக்கு எப்படி ஓடுகிறது? 1080பி அளவில் வாலரண்ட் போன்ற கேம்கள் மானிட்டர் காட்டும் வினாடிக்கு 144 படம் என்ற அளவைத் தாராளமாகத் தாண்டும். ஜிடிஏ 5 உயர்ந்த அமைப்பில் நூறுக்கு மேல். சைபர்பங்க் 2077 நடுத்தர அமைப்பில், ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் முறை) இல்லாமல், அறுபதைச் சுற்றி நிற்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தபோது, பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்து விண்டோஸ் 11க்கு மாறினேன், பாகம் எதையும் மாற்ற வேண்டி வரவில்லை.

2025 கடைசியில் ரேம் விலை ஏறியதைப் பார்த்தால் புதிய சாக்கெட்டான ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 என்று எல்லாவற்றையும் மாற்ற எனக்கு மனமில்லை. இந்த போர்டிலேயே ரைசன் 7 5700எக்ஸ் ஏறும், பயாஸ் ஏற்கெனவே புதியது. கார்டு மாற்றினாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு 6+2 முனை சும்மா கிடக்கிறது, கேபினெட்டில் 320 மில்லிமீட்டர் நீள கார்டு வரை இடம் உண்டு. தம்பி மே மாதம் லீவில் வருகிறான். வரும்போது ஒரு கார்டு வாங்கி வரட்டுமா என்று கேட்டான். அங்கே வாங்கினால் வாரண்டி இங்கே செல்லுமா என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.