தட்டைப்புழு மைட்டோஜீனோம் சீக்வென்சிங் குடுத்த அனுபவம் (5க்கு 4 ஸ்டார்)

டிஎன்ஏ எழுத்து வரிசைய படிச்சுத் தர்ற ஒரு சீக்வென்சிங் சர்வீஸ்ல, மைட்டோஜீனோம் (செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியாவோட சொந்த டிஎன்ஏ மொத்தமும்) வேணும்னு போன மாசம் ஆறு டியூப் டிஎன்ஏ குடுத்தேன், எல்லாம் ஃபேசியோலா, மாட்டு ஈரல்ல இருக்குமே அந்தத் தட்டைப்புழு. ரிப்போர்ட்ல இருந்த குறையை அப்புறம் சரி பண்ணிட்டாங்க, அதனால அவங்க பேர் போடல.

லேப் வேலை ரொம்ப நல்லா இருக்கு. ஐஸ் பாக்ஸோட போய் நின்னதும் அங்கேயே அளவு பாத்து, ஒரு டியூப்ல டிஎன்ஏ பத்தாது, திரும்ப எடுத்துட்டு வாங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க. ஷார்ட் ரீட் (டிஎன்ஏவ சின்னச் சின்னத் துண்டா படிக்கறது) போதும்னு தான் நான் போனேன், அங்க இருந்த அக்கா தான் லாங் ரீட் (நீளத் துண்டா படிக்கறது) எடுங்க தம்பின்னாங்க, அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஏன்னா இந்தப் புழுக்கள்ல பலதுக்கு மைட்டோகாண்ட்ரியால ஜீன் இல்லாத பகுதில ஒரே துண்டு அடுத்தடுத்து திரும்பத் திரும்ப வரும், 150 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளமுள்ள ஷார்ட் ரீட வெச்சு அடுக்குனா அந்தத் துண்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு மொத்த நீளமே கம்மியா காட்டும்.

ஒரு ஸ்டார் குறைச்சது ரிப்போர்ட்டுக்கு. நாட்5ங்கற ஜீன் நடுவுல நடுவுல ஸ்டாப் (புரதம் இங்க முடியுதுங்கற குறி) வந்து துண்டு துண்டா கிடக்குது, கூடவே ஏடிபி8ங்கற ஜீன் காணோம், அசெம்ப்ளி (ரீட எல்லாம் சேத்து அடுக்குனது) முழுசா இல்லன்னு ஒரு வார்னிங் வேற. ஒரு ராத்திரி முழுக்க என் சாம்பிள் தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன். பாத்தா முதுகெலும்பு உள்ள பிராணிகளோட ஜெனடிக் கோட (மூணு மூணு டிஎன்ஏ எழுத்துக்கு என்ன அர்த்தம்னு சொல்ற பட்டியல்) போட்டு ஓட்டியிருக்காங்க, அதுல ஏஜிஏ, ஏஜிஜி ரெண்டும் ஸ்டாப், தட்டைப்புழுவுக்கு வேற பட்டியல், டேபிள் 9, அதுல ரெண்டும் செரின்ங்கற அமினோ அமிலம். ஏடிபி8 இந்தப் புழுக்களுக்குப் பொதுவா கிடையவே கிடையாது, மைட்டோகாண்ட்ரியால நமக்கு 37 ஜீன்னா அதுக்கு 36 தான். இதெல்லாம் புதுசும் இல்ல, ஃபேசியோலா ஹெபாட்டிகா இனத்தோட முழு வட்ட மைட்டோஜீனோம், 14,462 பேஸ், 2001லயே வந்தாச்சு.

சின்ன விஷயம்னு விட முடியாதுங்க. எந்தப் புழு எதுக்கு சொந்தம்னு பாக்க ஜீன் வரிசையும் வேணும், ஷிஸ்டோசோமாங்கற ரத்தத் தட்டைப்புழுல ஜப்பானிக்கம் இனத்தோட வரிசை கிட்டத்தட்ட ஃபேசியோலா மாதிரி, ஆப்பிரிக்கா பக்கத்து மான்சோனி இனத்துல ஜீன்கள் இடம் மாறியிருக்கு. ஜீன் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தப்பா இருந்தா சொந்தம் காட்டற மரம் எப்படிப் போடறது? போன் பண்ணி சொன்னேன், மறுவார்த்தை இல்லாம ரெண்டே நாள்ல காசு வாங்காம திரும்ப ஓட்டிக் குடுத்தாங்க. நீங்க குடுக்கும்போதே ஃபார்ம்ல டேபிள் 9னு எழுதிடுங்க.

இன்னொண்ணு, ஆசியால ஃபேசியோலாவோட ரெண்டு இனம், ஹெபாட்டிகாவும் ஜைகாண்டிகாவும் கலந்த புழு இருக்கு, மைட்டோகாண்ட்ரியா தாய் வழிய மட்டும் தான் காட்டும், கலப்பான்னு தெரியணும்னா செல்லோட உட்கருல இருக்கற ஐடிஎஸ்1ங்கற டிஎன்ஏ பகுதிய பாக்கணும். மிச்ச டிஎன்ஏவ தூக்கிப் போடாம ஃப்ரீஸர்ல வெச்சிருந்தாங்க, அதுலயே சாங்கர் (ஒரு சின்னப் பகுதிய மட்டும் படிக்கற முறை) பண்ணித் தரேன்னு சொல்லியிருக்காங்க.